கிண்டிலை விழுங்கிவிடுமா டேப்லெட்?

நாகர்கோவிலிலிருந்து காலையில் திருவனந்தபுரம் வந்து சேரும் ரயிலில் ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். பாறசாலை தாண்டி, நெய்யாற்றின்கரை நெருங்கும் நேரம். ஒரு காலத்தில் ஒரே பத்திரிகையைத் தாள் தாளாகப் பிரித்து நான்கு பேர் படித்த பெட்டிதான் இது. இன்று ஏறக்குறைய எல்லோர் கையிலும் செல்போன். ஓரிருவர் மடியில் டேப்லெட். மிக அபூர்வமாக, கிழக்குப் பக்க ஜன்னலோரத்தில், சாம்பல் நிறத் திரையுள்ள ஒரு மெல்லிய கருவியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். காலை வெயில் நேராக அந்தத் திரையின் மேல் விழும். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். எதிரே இருப்பவரோ டேப்லெட்டை நிழலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வருவார்.

இந்த இரண்டு பேரில் யார் கையில் இருப்பது நிலைக்கும்? புத்தகம் படிப்பதற்கென்றே செய்யப்பட்ட இ-ரீடர் கருவியை, பத்து வேலை செய்யும் டேப்லெட் விழுங்கிவிடுமா? அமெரிக்காவில் இந்தக் கேள்வி எழுந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. அங்கே அது வியாபாரக் கணக்கு. திருவனந்தபுரத்துத் தமிழனுக்கு அது வேறு கேள்வி. ஏனென்றால், ஒரு தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி நாகர்கோவில் வரை போய் வரும் பழக்கம் நம்மவர்களில் பலருக்கு இன்றும் உண்டு. அந்தப் பயணத்தை மிச்சப்படுத்தும் கருவி எது என்பதே இங்கு விஷயம்.

போட்டி பிறந்த கதை

2007-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் தேதி அமேசான் நிறுவனம் ‘கிண்டில்’ கருவியை வெளியிட்டது. விலை 399 டாலர். முதல் சரக்கு ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்து போயிற்று. அதற்கு முன்பே, 2004-இல், ஜப்பானில் சோனி நிறுவனம் ‘லிப்ரியே’ என்ற கருவியைக் கொண்டு வந்திருந்தது. ஆனால் புத்தகக் கடையையே கருவிக்குள் வைத்துக் கொடுத்ததால் கிண்டிலுக்குத்தான் பெயர் கிடைத்தது.

அடுத்த சில வாரங்களில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், இந்தக் கருவி நல்லதா கெட்டதா என்பதே முக்கியமில்லை, ஜனங்கள் இப்போது படிப்பதே இல்லை என்ற கருத்தில் பேசினார். அவரே 2010 ஏப்ரல் 3-ஆம் தேதி ‘ஐபேட்’ டேப்லெட்டை விற்பனைக்கு விட்டபோது, அதில் புத்தகம் படிக்க ஒரு செயலியையும் புத்தகக் கடையையும் சேர்த்தே கொடுத்தார் என்பது வேடிக்கை. ஐபேடின் ஆரம்ப விலை 499 டாலர். இருபத்தெட்டு நாட்களில் பத்து லட்சம் விற்றது.

கிண்டில் போயிற்று என்று அப்போதே பலர் எழுதினார்கள். முதலில் நடந்தது வேறு. இ-ரீடர் விலை மளமளவென்று இறங்கியது. 259 டாலருக்கு விற்ற கிண்டில் 2010 ஜூன் மாதம் 189 டாலர் ஆயிற்று; அதே ஆண்டு ஆகஸ்டில் 139 டாலருக்குப் புது மாதிரி வந்தது. போட்டி வந்தால் வாங்குபவனுக்கு லாபம் என்பது சாலைக் கடைவீதியில் வியாபாரம் பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடி அதன் பிறகுதான் விழுந்தது. சந்தை ஆராய்ச்சி நிறுவனமான ஐசப்ளையின் மதிப்பீட்டின்படி, உலகம் முழுவதும் 2011-இல் 2 கோடியே 32 லட்சம் இ-ரீடர்கள் தொழிற்சாலையை விட்டுச் சென்றன. 2012-இல் அது சுமார் 1 கோடியே 49 லட்சமாகச் சுருங்கியது. ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. 2014-இல் சோனி நிறுவனம் இந்த வியாபாரத்தை விட்டே விலகியது. சீனாவில் கிண்டில் புத்தகக் கடையை 2023 ஜூன் 30-ஆம் தேதியோடு அமேசான் மூடிவிட்டது. அமேசானே 2011-இல் ‘கிண்டில் ஃபயர்’ என்று 199 டாலரில் ஒரு டேப்லெட்டை இறக்கி, தன் வீட்டுப் பிள்ளைக்குத் தானே போட்டியாளரைக் கொண்டு வந்ததையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் கதை இன்னும் சுருக்கம். 2010-இல் ஆமதாபாத்தைச் சேர்ந்த இன்ஃபிபீம் நிறுவனம் ‘பை’ என்ற இ-ரீடரை 9,999 ரூபாய்க்குக் கொண்டு வந்தது. இந்திய மொழிகளையும் காட்டும் என்றார்கள். நிலைக்கவில்லை. 2011 அக்டோபர் 5-ஆம் தேதி மத்திய அரசு ‘ஆகாஷ்’ என்ற மலிவு விலை டேப்லெட்டை மாணவர்களுக்கென்று வெளியிட்டது. வேகக் குறைவும் சீக்கிரம் தீரும் பேட்டரியும் அதன் பெயரைக் கெடுத்தன. ஆனால் டேப்லெட் என்ற சொல் மருந்துக் கடையை விட்டு வெளியே வந்து நம் வீடுகளில் புழங்கத் தொடங்கியது ஆகாஷ் காலத்தில்தான். கிண்டில் 2012 ஆகஸ்டில் இந்தியக் கடைகளுக்கு வந்தது. அப்போது விலை 6,999 ரூபாய்.

மையும் விளக்கும்

இரண்டு கருவிக்கும் அடிப்படை வித்தியாசம் திரையில் இருக்கிறது. டேப்லெட்டின் திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சம் நம் கண்ணை நோக்கி வருகிறது. இ-ரீடரின் திரையில் இருப்பது மின் மை. தலைமுடியின் பருமன் அளவே உள்ள நுண்ணிய குமிழ்கள் லட்சக்கணக்கில் பரப்பப்பட்டிருக்கும். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த திரவத்தில் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மிதக்கும். ஒன்றுக்கு நேர் மின்னூட்டம், மற்றொன்றுக்கு எதிர் மின்னூட்டம். கீழேயிருந்து மின்சாரம் ஒரு மாதிரி பாய்ந்தால் கறுப்பு மேலே வரும். மாற்றிப் பாய்ந்தால் வெள்ளை மேலே வரும். அவ்வளவுதான் எழுத்து.

இதில் அழகு என்னவென்றால், மேலே வந்த துகள் அங்கேயே நின்றுவிடும். அதைப் பிடித்து வைக்க மின்சாரம் வேண்டியதில்லை. பக்கம் திருப்பும்போதுதான் கொஞ்சம் செலவு. அதனால்தான் டேப்லெட் பத்து மணி நேரத்தில் சார்ஜர் கேட்கும்போது, இ-ரீடர் வாரக்கணக்கில் ஓடுகிறது. கர்க்கடக மாத மழையில் கரமனையிலோ வலியசாலையிலோ மின்சாரம் போய்விட்டால் இந்த வித்தியாசத்தின் அருமை தெரியும். (2012-க்குப் பிறகு வந்த இ-ரீடர்களில் இருட்டில் படிக்க விளக்கும் உண்டு. ஆனால் அது திரையின் ஓரத்திலிருந்து எழுத்தின் மேல் விழும் விளக்கு. மேஜை விளக்கு மாதிரி.)

எடையிலும் வேற்றுமை உண்டு. முதல் கிண்டில் 292 கிராம், முதல் ஐபேட் 680 கிராம். இன்று இரண்டுமே இளைத்துவிட்டன என்றாலும், பத்து அங்குல டேப்லெட் அரைக் கிலோவை ஒட்டியே இருக்கிறது. இ-ரீடர் 200 கிராமுக்குச் சற்று மேல். படுத்துக்கொண்டு படிக்கும் பழக்கமுள்ளவர்கள் முகத்தில் அரைக் கிலோ விழுந்தால் எப்படி இருக்கும் என்பதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு சோதனை நடந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு இணைந்த மருத்துவமனை ஒன்றில் 12 பேரை வைத்து, இரவு படுக்கும் முன் ஐந்து நாள் ஐபேடிலும் ஐந்து நாள் அச்சுப் புத்தகத்திலும் படிக்கச் செய்து பார்த்தார்கள். முடிவு 2014 டிசம்பரில் வெளிவந்தது. ஐபேடில் படித்த இரவுகளில் தூக்கம் வர ஏறக்குறைய பத்து நிமிடம் அதிகமாயிற்று. மறுநாள் காலை சுறுசுறுப்பும் குறைந்திருந்தது. பன்னிரண்டு பேர் என்பது சிறிய கணக்குதான். திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, நாலு மணி நேரம் படிக்க வைத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. எனினும் இரவில் படிப்பவர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய செய்தி.

இவ்வளவையும் படித்தால், புத்தகப் பிரியர்கள் எல்லோரும் இ-ரீடர் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். தமிழ் வாசகர்கள் ஏன் அவ்வளவாகச் சாயவில்லை?

கொம்பு முளைத்த இடம்

முதல் காரணம், நம் எழுத்து. தமிழில் ‘கொ’ என்று எழுத வேண்டுமானால் முன்னால் ஒரு கொம்பு, நடுவில் ‘க’, பின்னால் ஒரு கால். கணினியின் நினைவிலோ ‘க’ முதலில் இருக்கும், உயிர்க்குறி அதற்குப் பின்னால் இருக்கும். திரையில் காட்டும்போது கொம்பை எடுத்து முன்னால் வைக்க வேண்டியது கருவியின் பொறுப்பு. ஆங்கிலத்தை மட்டும் நினைத்துச் செய்யப்பட்ட கருவிகளுக்கு அது தெரியவில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் என்று பக்கம் முழுவதும் சிதறிக் கிடந்தது. பழைய கிண்டிலில் தமிழ் படிக்க முயன்றவர்களுக்கு அந்த வட்டங்கள் நினைவிருக்கும்.

ஆரம்ப கால டேப்லெட்டுகளும் இதில் யோக்கியம் இல்லை. அவற்றிலும் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்த நாட்கள் உண்டு. ஆனால் டேப்லெட்டில் வேறு செயலியைப் போடலாம், மென்பொருளைப் புதுப்பிக்கலாம். இ-ரீடரில் நிறுவனம் கொடுத்ததுதான். அமேசான் 2016-ஆம் ஆண்டு இறுதியில்தான் தமிழ், மலையாளம் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் புத்தகங்களைக் கொண்டு வந்தது. கிண்டில் பிறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து! அதற்குள் தமிழ் வாசகன் டேப்லெட்டுக்கும் செல்போனுக்கும் பழகிவிட்டான்.

இடைக்காலத்தில் தமிழ் ஆர்வலர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2013-இல் தொடங்கிய ‘ஃப்ரீ தமிழ் இபுக்ஸ்’ என்ற தன்னார்வ முயற்சியில், ஒவ்வொரு நூலையும் பல வடிவங்களில் கொடுத்தார்கள். அதில் ஒன்று ஆறு அங்குல பி.டி.எஃப். எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்துக் கட்டி, கிண்டில் திரையின் அளவுக்கே பக்கத்தை வெட்டிக் கொடுத்துவிட்டால், தமிழ் தெரியாத கருவியும் தமிழைக் காட்டித்தானே தீர வேண்டும்? படம் காட்டுவது போலக் காட்டியது. எளிய உபாயம், ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பயன்பட்டது.

மனோன்மணீயம் படும் பாடு

இரண்டாவது காரணம், நம் புத்தகங்கள் கிடக்கும் கோலம். இதுதான் பெரிய காரணம்.

இந்த ஊரில் எழுதப்பட்ட தமிழ் நூல் ஒன்றையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை எழுதிய ‘மனோன்மணீயம்’ 1891-இல் வெளிவந்தது. இன்று அதை ஒரு காசு செலவில்லாமல் படிக்கலாம். சுவிட்சர்லாந்தில் வசிக்கும் விஞ்ஞானி கு.கல்யாணசுந்தரம் 1998-ஆம் ஆண்டு பொங்கல் அன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ என்னும் தொகுப்பில் தட்டச்சு செய்யப்பட்ட பாடமாக அது இருக்கிறது. தட்டச்சுப் பாடம் என்றால் கருவி எவ்வளவு சிறியதானாலும் எழுத்தைப் பெரிதாக்கலாம். வரி தானே மடிந்து அடுத்த வரிக்குப் போகும். இ-ரீடருக்கு இது தோதானது. ஆனால் மனோன்மணீயம் செய்யுள் நாடகம். எழுத்தைப் பெரிதாக்கினால் அடி நடுவில் ஒடிந்து, ஓசை எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும். ஆறு அங்குலத் திரையில் செய்யுள் படிப்பவர்கள் எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டு கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது.

இதுவாவது தட்டச்சு செய்யப்பட்ட பாடம். பழைய தமிழ் நூல்களில் பெரும்பகுதிக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் பல்லாயிரம் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அரிய செல்வம் அது. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை அச்சுப் பக்கத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தவை. நம் ஊர்ப் பாளையத்தில் இருக்கும் மாநில மத்திய நூலகத்தின் கதையும் இதுவே. 1829-இல் தொடங்கி, இந்தியாவின் மிகப் பழைய பொது நூலகங்களில் ஒன்றாக விளங்கும் அந்த நூலகம், தன்னிடமுள்ள அரிய நூல்களைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றியிருக்கிறது.

படத்தில் வரி மடியாது. பழுப்பேறிய தாள், மங்கிய மை, விளிம்பில் கரையான் தின்ற ஓட்டை எல்லாம் அப்படியே வரும். பத்து அங்குல டேப்லெட்டில் இதை வைத்தால், அச்சுப் புத்தகத்தின் அளவுக்கே பக்கம் தெரியும். இரண்டு விரலால் இழுத்தால் அடிக்குறிப்பும் பெரிதாகும். ஆறு அங்குல இ-ரீடரில் இதே பக்கம் தபால் தலை மாதிரி சுருங்கிவிடும். பெரிதாக்கினால் ஒரு வரிக்கு இரண்டு முறை நகர்த்த வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மின் மைத் திரை ஒரு முறை கண் சிமிட்டும். பொறுமைசாலிகூடப் பத்துப் பக்கத்துக்கு மேல் தாங்க மாட்டான். பெரிய திரையுள்ள இ-ரீடர்கள் இல்லாமலில்லை. அவற்றின் விலைக்கு நல்ல டேப்லெட் இரண்டு வாங்கலாம்.

ஆகவே, அண்மையில் வந்த நாவலையோ சிறுகதைத் தொகுதியையோ கிண்டில் கடையில் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவருக்கு இ-ரீடர் உத்தமம். ஆராய்ச்சி மாணவர், பழைய உரைநூல் தேடுபவர், நிகண்டு புரட்டுபவர் ஆகியோருக்கு டேப்லெட்டை விட்டால் வேறு கதியில்லை. தமிழில் இந்த இரண்டாவது வகைப் புத்தகங்கள் அதிகம். அந்த அளவுக்கு இந்த ஊர்த் தமிழரிடையே டேப்லெட் ஏற்கெனவே ஜெயித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். அது டேப்லெட்டின் திறமையால் வந்த வெற்றி மட்டுமில்லை. நம் நூல்களை இன்னும் முழுதாகத் தட்டச்சு செய்து முடிக்காத குறையால் வந்த வெற்றியும்கூட.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்திலும் இதே நிலைதான். கேரளத்தில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கான பாடநூல்களை இங்குள்ள மாநிலக் கல்வி ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் தயாரிக்கிறது. அவை பி.டி.எஃப். வடிவில் இணையத்திலும் கிடைக்கின்றன. வண்ணப் படமும் வரைபடமும் அட்டவணையுமாக இருக்கும் அந்தப் பக்கங்களைக் கறுப்பு வெள்ளை இ-ரீடரில் காட்டுவது, வண்ணக் கோலத்தைக் கரிக்கட்டியால் வரைந்து காட்டுவது போலத்தான். வண்ண மின் மைக் கருவிகள் வெளிநாட்டில் வந்துவிட்டன. அமேசானும் 2024-இல் ஒன்றை வெளியிட்டது. விலையும் வண்ணத்தின் மங்கலும் இன்னும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றவையாக இல்லை.

பேசத் தெரியும், படிக்கத் தெரியாது

மூன்றாவது காரணத்தை வெளியூர்க்காரர்கள் எளிதில் புரிந்துகொள்ள மாட்டார்கள். சாலை, கோட்டை, கரமனை, வலியசாலை, மணக்காடு என்று தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதிகளில், தமிழ் நன்றாகப் பேசும் இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். பள்ளியில் படித்தது மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்க மட்டும் வராது. தாத்தா படித்த புத்தக அலமாரி வீட்டில் இருக்கும்; சாவி இருந்தும் பூட்டிக் கிடப்பதற்குச் சமம் அது.

இந்த ஊரின் வாழ்க்கையையே தமிழில் எழுதி வைத்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. சாலைக் கடைவீதியைக் கதைகளில் நிலைநிறுத்திய ஆ.மாதவன் 2015-இலும், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தபடியே நாவல்கள் எழுதிய நீல.பத்மநாபன் 2007-இலும் சாகித்ய அகாடமி பரிசு பெற்றவர்கள். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் போதித்த நகுலன் இங்கேயே வாழ்ந்து 2007-இல் மறைந்தார். தன் தெருவைப் பற்றி எழுதப்பட்ட கதையைத் தன்னால் படிக்க முடியவில்லை என்ற நிலையில் ஒரு தலைமுறை இங்கே வளர்ந்திருக்கிறது.

டேப்லெட் இங்கே கை கொடுக்கிறது. தட்டச்சு செய்யப்பட்ட தமிழ்ப் பாடத்தை அது உரக்கப் படித்துக் காட்டும். குரல் இயந்திரக் குரல்தான். ‘ழ’ சில சமயம் வழுக்கும். வசனத்தையும் வர்ணனையையும் ஒரே தொனியில் ஒப்பிக்கும். இருந்தாலும் காதால் கேட்டால் புரிகிறது. எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் சில மாதங்களில் எழுத்தும் பழகிவிடுகிறது. கண் பார்வை மங்கிய முதியவர்களுக்கும் இதே வசதி உதவுகிறது. படிப்பதற்கென்றே உள்ள கருவிகளிடம் தமிழைப் பொறுத்தவரை இந்த உதவியை அதிகம் எதிர்பார்க்க முடியாது. படமாகப் பிடித்த பக்கத்தை டேப்லெட்டும் நேரடியாகப் படிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கேயும் தட்டச்சுப் பாடம் இருந்தால்தான் காரியம் நடக்கும்.

மூன்றாவது ஆள்

கிண்டிலும் டேப்லெட்டும் மல்லுக்கு நிற்கும்போது, நடுவில் புகுந்து பழத்தைத் தின்றுகொண்டிருப்பது செல்போன். இதைத் திருவனந்தபுரத்தில் முன்கூட்டியே கண்டுகொண்டவர்கள் ‘சாயாஹ்ன’ அறக்கட்டளையினர். அச்சுக்கோப்பு மென்பொருள் துறையில் பெயர் பெற்ற சி.வி.ராதாகிருஷ்ணன் முன்னின்று தொடங்கிய இந்த அமைப்பு, மலையாள நூல்களைக் கணினிமயமாக்கி இலவசமாக வெளியிட்டு வருகிறது. அவர்கள் வெளியிடும் வடிவங்களில் ஒன்று ‘போன் பி.டி.எஃப்.’ செல்போன் திரையின் அகலத்துக்கே பக்கத்தை அமைத்து, எழுத்தின் அளவையும் அதற்கேற்ப வைத்து, நேர்த்தியாக அச்சுக்கோத்துக் கொடுக்கிறார்கள். விரலால் இழுக்கவும் வேண்டாம், பெரிதாக்கவும் வேண்டாம். தமிழில் கிண்டிலுக்காக ஆறு அங்குலப் பக்கம் வெட்டியவர்கள் செய்த அதே உபாயத்தை, இவர்கள் செல்போனுக்குச் செய்திருக்கிறார்கள். புதுக் கருவி வாங்கு என்று வாசகனிடம் சொல்லாமல், வாசகன் கையில் ஏற்கெனவே இருக்கும் கருவிக்குப் புத்தகத்தைக் கொண்டு போய்ச் சேர்த்தார்கள். தமிழ்ப் பதிப்பகங்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

செல்போனிலும் டேப்லெட்டிலும் உள்ள ஒரு சங்கடம் எல்லோரும் அறிந்ததே. இரண்டாவது பக்கம் திருப்பும்போது வாட்ஸ்அப் மணி அடிக்கும். நான்காவது பக்கத்தில் கிரிக்கெட் ஸ்கோர் எட்டிப் பார்க்கும். அத்தியாயம் முடிவதற்குள் கை தானாகவே வேறு எங்கோ போய்விடும். இ-ரீடருக்கு வேறு வேலை தெரியாது என்பதுதான் அதன் பலம். நாவலில் மூழ்க நினைப்பவர்கள் இதற்காகவே அதை வாங்குகிறார்கள். உலகச் சந்தையில் அடி மேல் அடி வாங்கியும் இ-ரீடர் சாகாமல் இருப்பதற்கு இந்த ஒரு குணம் போதும் போலிருக்கிறது. இந்தியாவில் சில காலம் புதிய கிண்டில் கிடைப்பதே அரிதாகிவிட்ட நிலையில், 2025 ஏப்ரலில் புதிய ‘பேப்பர்வைட்’ 16,999 ரூபாய் விலையில் வந்தது. 2012-இல் 6,999-க்குக் கிடைத்த பெயர் 2025-இல் இந்த விலை. பத்தாயிரம் ரூபாய் அளவில் டேப்லெட் கிடைக்கும் ஊரில், நடுத்தரக் குடும்பம் எதை முதலில் வாங்கும் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை.

வாங்கிய புத்தகம் யாருடையது?

விலையை விடக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2009 ஜூலையில் அமெரிக்காவில், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரண்டு நாவல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்ற காரணத்தைச் சொல்லி, வாசகர்களின் கிண்டில்களிலிருந்தே அமேசான் அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு மன்னிப்பும் கேட்டது. அலமாரியிலிருந்து புத்தகத்தைக் கடைக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனது போல இருந்தது என்று பலரும் கொதித்தார்கள். 2025 பிப்ரவரி 26-ஆம் தேதியிலிருந்து, வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கணினியில் இறக்கி, கேபிள் மூலம் கருவிக்கு மாற்றும் வசதியும் நிறுத்தப்பட்டது. டேப்லெட்டில் கிண்டில் செயலி வழியாகப் படித்தாலும் இதே நிபந்தனைகள்தான். கருவி மாறினாலும் கடை ஒன்றே.

மதுரைத் திட்டம், தமிழ் மின்னூலகம், சாயாஹ்ன போன்ற இடங்களிலிருந்து இறக்கிக்கொண்ட நூலுக்கு இந்தக் கவலை இல்லை. எந்தக் கருவிக்கும் மாற்றலாம், பேரனுக்கும் கொடுக்கலாம். ஆகவே வீட்டில் மின்னூல் சேர்க்க நினைப்பவர்கள், காசு கொடுத்து வாங்குவதை ஒரு பக்கமும், இலவசமாகக் கிடைத்து என்றும் தம்மிடமே இருக்கக்கூடியதை ஒரு பக்கமும் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னதை ஒரு பென்டிரைவிலும் பிரதி எடுத்து வைத்தால், கருவி பழுதானாலும் நூல் போகாது.

கருவி வாங்கக் கடைக்குப் போகிறவர்கள், விற்பனையாளர் காட்டும் ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. செல்போனில் மனோன்மணீயத்தின் தட்டச்சுப் பாடம் ஒன்றையும், மின்னூலகத்திலிருந்து படம் பிடித்த பழைய நூல் ஒன்றையும் முன்கூட்டியே இறக்கி எடுத்துப் போகலாம். கடையில் உள்ள மாதிரிக் கருவியில் இரண்டையும் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். முதலாவதில் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழுகின்றனவா, செய்யுள் அடி முறியாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவதில் அடிக்குறிப்பைக் கண்ணாடி போடாமல் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கடை வாசலுக்கு வந்து, வெயிலில் ஒரு முறை பிடித்துப் பார்க்கவும் கடைக்காரர் ஆட்சேபிக்க மாட்டார்.